கல்லாய்வும் கூத்தாய்வும்: ஆனந்த குமாரசுவாமியின் கலைநோக்கு

விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் தம்முட் பகையுடையன என்பார் ஒருசாரார். இரண்டும் ஒன்றையே உரைப்பன என்பார் மற்றொருசாரார். பின்னவர் தம் கொள்கைக்குப் பெரிதும் எடுத்துக்காட்டுவது தில்லைக் கூத்தன் திருவுருவம். 1975ஆம் ஆண்டிற் பிரிட்சோவ் காப்ரா என்னும் பௌதிகவியலறிஞர் 'பௌதிகத்தின் தாவோ' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதி, அணுத்துகள்களின் இயக்கத்தைச் சிவபிரானின் கூத்தோடு ஒப்பிட்டார். 2004 யூன் 18இல், செனீவா நகரின் அருகேயுள்ள சேர்ன் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையத்தில், இந்திய அரசு வழங்கிய இரண்டு மீற்றர் உயரமுள்ள நடராசர் படிமம் நிறுவப்பெற்றது. அதன் அருகே உள்ள பலகையில் நம் நாட்டறிஞர் ஒருவருடைய வாக்கும் பொறிக்கப்பட்டுள்ளது. அவரே கலாநிதி ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி.

அப்பலகையைப் படிப்போர், குமாரசுவாமி நடராசர் கூத்தை அணுவின் இயக்கமாகக் கண்டவர் என்றே எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியானதன்று. அவர் விஞ்ஞானத்தையும் மெய்ஞ்ஞானத்தையும் இணைத்தார் என்பது உண்மை; ஆயின் இணைத்த இடம் வேறு. அவ்விடம் யாதென அறிய விழைவோர் சபரகமுவா மாகாணத்துக்கே வருதல் வேண்டும். கலைத் திறனாய்வாளராக உலகறிய விளங்குமுன், அவர் இம்மாகாணத்து மலைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் கல் ஆராய்ந்த புவிச்சரிதவியலறிஞர். கல்லை நோக்கிய முறையே பின்னர் அவர் கலையை நோக்கிய முறையாயிற்று என்பதை நிறுவுதலும், அம்முறையின் நிறைகுறைகளை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவர்தம் பின்னணியை நோக்குவாம். ஆனந்த குமாரசுவாமி 1877 ஓகத்து 22இற் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி சட்ட அறிஞர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863இல் வெளியிட்டவர். பாளி நூலாகிய சுத்தநிபாதத்தையும் 1874இல் ஆங்கிலமாக்கித் தந்தவர். சைவக் குடியிற் பிறந்து பௌத்த நூலையும் போற்றிய அவ்விரிந்த மனம் மைந்தர்க்கும் முதுசமாயிற்று. தாயார் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கெந்து நாட்டினர். 'கெந்திஷ்' என்னும் நடுப்பெயர் அதனால் வந்தது. பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகிய இருவரும் சேர் முத்துக்குமாரசுவாமியின் தமக்கையார் மக்கள். எனவே ஆனந்தருக்கு அத்தை மைந்தர். இரண்டு வயது நிறையுமுன்னரே 1879இல் தந்தையை இழந்த ஆனந்தர், தாயாரின் பராமரிப்பில் இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். ஆகவே சைவமும் தமிழும் அவருக்குத் தாய்மடியிற் கிடைத்தனவல்ல, தேடிப் பெற்றவை. பிறப்பாற் கிடைத்ததை ஆராயாது கைக்கொள்வார் பலர். அவரோ ஒவ்வொன்றையும் ஆராய்ந்தே கைக்கொள்ள வேண்டியவராயினார். இஃது அவருக்கு இழப்பன்று, பேறே எனலாம்.

1903 தொடக்கம் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் தலைமைப் பொறுப்பிலிருந்தார். அக்காலத்தில் அவர் செய்த ஆய்வுகளுள் நம் மாகாணத்தோடு தொடர்புடையது தோரியனைற்று என்னும் கனிப்பொருள் பற்றியது. பலாங்கொடைப் பகுதியில், சிங்களத்தில் 'இல்லம' எனப்படும் மாணிக்கச் சரளையைக் கூடையிலிட்டு நீரில் அரிக்குங்கால், பாரமான கரிய நிறப் பளிங்குகள் சில அடியில் தங்கின. அவற்றைக் குமாரசுவாமி முதலில் யுரேனினைற்று எனக் கொண்டார். நிறத்தாலும் பாரத்தாலும் பளிங்கின் வடிவாலும் இரண்டும் ஒத்திருந்தமையின், அவ்வாறு கொள்ளுதல் இயல்பே. ஆயின் 1904இல், இலண்டனிலிருந்த பேரரசு நிறுவகத்தைச் சார்ந்த வின்தம் டன்ஸ்தன் அதனை இரசாயனப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி, அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டே எனக் கண்டு, புதிய கனிப்பொருளென நிறுவித் தோரியனைற்று எனப் பெயரிட்டார். குமாரசுவாமி பயின்ற அதே கல்லூரியில், சேர் வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்தில், இவ்விலங்கைக் கனிப்பொருளை ஆராய்ந்த ஒட்டோ ஹான் என்னும் செருமானிய இளைஞர் 1905இற் கதிர்த்தோரியத்தைக் கண்டறிந்தார். 1938இல் யுரேனிய அணுக்கரு பிளவுறுவதைக் கண்டவரும் அவரே. பலாங்கொடைச் சரளைக்கும் அணுயுகத்துக்கும் இடையே இத்தகைய தொடர்பு உண்டு.

இந்நிகழ்ச்சியை ஈண்டு எடுத்துரைத்தது மாகாணப் பெருமை பேசுதற்கன்று. புறத்தோற்றத்தால் ஒத்திருப்பன எல்லாம் பொருளால் ஒன்றாகா என்னும் படிப்பினை இதனுள் அடங்கியிருக்கின்றது. கனிப்பொருளியலின் முதற்பாடம் அது. கலையாய்வுக்கும் அதுவே முதற்பாடமாதல் வேண்டும் என்பது பின்னர்த் தெளிவாகும்.

கல்லைத் தேடிச் சென்ற அவர் கண்ணிற் கல்லோடு உழைக்கும் மனிதனும் பட்டான். பலாங்கொடையை அடுத்த ஹத்தரபாகையில் இரும்பு உருக்கும் தொழிலையும், அலுத்நுவரையில் உருக்குச் செய்யும் முறையையும் அவர் நேரிற் கண்டு குறித்தார். இரும்புத் துண்டையும் மரத்துண்டுகளையும் களிமண் மூசையில் அடைத்து, உலையிலிட்டுத் துருத்தியால் ஊதிச் சூடேற்றி உருக்காக்கும் அம்முறை அப்போதே மறையும் நிலையில் இருந்தது. மலிவான பிறநாட்டு இரும்பு சந்தையை நிறைத்தபின் ஊருலைக்கு வாழ்வேது? சாதாரண அளவீட்டு அலுவலர் ஒருவராயின், அங்கே எத்துணை இரும்புத்தாது உளது என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குச் சென்றிருப்பார். குமாரசுவாமியோ உலையின் அமைப்பையும், வேலையின் படிகளையும், வேலை செய்வோரின் வழக்கத்தையும் தாதுவுக்குரிய அதே கவனத்தோடு பதிந்தார். அப்பதிவின் பெறுமதி பிற்காலத்திற் புலனாயிற்று. சமனலவெவைப் பகுதியில், பருவக் காற்றின் வலியாலேயே இயங்கிய பண்டைய இரும்புலைகளை அகழ்ந்தாய்ந்த கில்லியன் யூலெவ் என்னும் தொல்லியலறிஞர் தம் முடிபுகளை 1996இல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான ஏட்டில் வெளியிட்டார். இம்மாகாணத்து இரும்புத்தொழில் வரலாற்றை ஆராய்வோர்க்குக் குமாரசுவாமியின் குறிப்புகள் இன்றும் மூலச்சான்றாய் நிற்கின்றன.

இவ்வாறு சேர்த்த குறிப்புகளின் விளைவே 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். வில்லியம் மொரிஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அந்நூல் 425 பிரதிகள் அச்சிடப்பெற்றது. அதிலுள்ள நிழற்படங்கள் பல அவர்தம் மனைவியார் எதெல் எடுத்தவை. கல், மரம், யானைத்தந்தம், பொன், வெள்ளி, இரும்பு, மண், நெசவு, பாய் என்று பொருள்வகையால் வகுத்து ஆராயும் முறையை அந்நூலிற் காண்கின்றோம். முதலிற் பொருள், அடுத்துக் கருவியும் கைமுறையும், அதன்பின் செய்வோனும் அவன் வாழ்நிலையும், ஈற்றில் அப்பொருள் எதற்காகச் செய்யப்பட்டதென்னும் வினா. புத்தர் படிமத்துக்குக் கண் திறக்கும் சடங்கை அவர் விரித்துரைக்கும் பகுதி இதற்கு நல்ல சான்று. நம் கோயில்களிற் படிமத்துக்குக் கண் திறக்கும் வழக்கத்தை அறிந்தார்க்கு அச்சடங்கின் பொருள் எளிதில் விளங்கும். படிமம் செய்து முடிந்தபின் வேறொருவர் வந்து அதிற் சமயத்தை ஏற்றுவதில்லை. சிற்பியின் கைத்தொழிலின் இறுதிப்படியே வழிபாட்டின் முதற்படி என்பதே அவர் காட்டும் உண்மை. கலை வேறு, பயன் வேறு, வழிபாடு வேறு என்னும் பிரிவினையை அவர் ஏற்றிலர். தன் தொழிலைச் செம்மையாகச் செய்யும் எவனும் கலைஞனே என்பது அவர் இறுதிவரை வலியுறுத்திய கொள்கை.

இனி, அவருடைய புகழ்பெற்ற கட்டுரையாகிய 'சிவ நடன'த்துக்கு வருவாம். 1912இற் சென்னையிலிருந்து வெளிவந்த 'சித்தாந்த தீபிகை' என்னும் சைவ ஏட்டில் அது முதன்முதல் வெளியாயிற்று. 1918இல் நியூயோர்க்கில் வெளிவந்த பதினான்கு கட்டுரைகள் கொண்ட நூலுக்கும் அதுவே பெயர் தந்தது. அக்கட்டுரையின் நடையழகைப் புகழ்ந்தோர் பலர். அதன் அமைப்பை உற்று நோக்கியோர் சிலரே. முதலிற் சிவபெருமானின் கூத்துகள் பலவற்றுள் மூன்றனைப் பிரித்து வகைப்படுத்துகின்றார். அவற்றுள் தில்லைக் கூத்தை ஆய்வுக்கு எடுத்து, திருவுருவத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கின்றார்: கைகள் நான்கு, துடி, தீ, சடையிற் கங்கை, பிறை, காலடியில் முயலகன், சூழ்ந்த திருவாசி. விளக்கவுரை அதன் பின்னரே வருகின்றது. விளக்கமும் தம் கற்பனையன்று. உண்மைவிளக்கம், திருமந்திரம், திருவருட்பயன் முதலிய தமிழ் நூல்களின் சான்றுகளை நிரல்பட வைத்துத் துடி படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என நிறுவுகின்றார். ஈற்றில், அக்கூத்து உலகின் இயக்கத்துக்கு மூலமென்றும், உயிர்களின் விடுதலையே அதன் நோக்கமென்றும், தில்லையம்பலம் உள்ளத்தினுள்ளே உளதென்றும் மூன்று முடிபுகளைக் கூறுகின்றார்.

வகைப்படுத்தல், உறுப்பு வருணனை, சான்று, முடிபு என்னும் இவ்வொழுங்கு யாண்டிருந்து வந்தது? கனிப்பொருள் ஒன்றை அறிமுகஞ் செய்யும் விஞ்ஞான அறிக்கையின் ஒழுங்கே இது. பளிங்கின் இனத்தைக் கூறி, வடிவையும் நிறத்தையும் வருணித்து, பகுப்பாய்வைத் தந்து, இறுதியில் அதன் இயல்பைத் துணிதல் அவ்வறிக்கையின் மரபு. இந்தியச் சிற்பங்களின் பல கைகளைக் கண்டு அருவருத்த மேனாட்டு விமரிசகர் பலர் அக்காலத்து உளர். பார்ப்பதற்கு முன்னரே தீர்ப்புக் கூறியோர் அவர். குமாரசுவாமி அவர்க்குச் சினந்து மறுமொழி கூறாது, முதலில் உள்ளதை உள்ளவாறு காணக் கற்பித்தார். விஞ்ஞானத்திலிருந்து அவர் மெய்ஞ்ஞானக் கலைக்குக் கொணர்ந்த கொடை இதுவே: கொள்கையன்று, கண்.

அக்கட்டுரையின் இறுதியில், இக்கூத்து விஞ்ஞானிக்கும் ஏற்புடையதோர் உருவகம் என்னும் கருத்தை அவரும் கூறுகின்றாரே என வினவலாம். கூறுகின்றார், எனினும் எந்த ஒரு பௌதிகக் கொள்கையின் மீதும் தம் விளக்கத்தைச் சார்த்தி வைத்திலர். அணுவின் நடுவே கரு உண்டென இரதபோட்டு கூறியது 1911இல். அஃது அப்போது புதிய செய்தி. ஈதர் என்னும் நுண்பொருள் வெளியெங்கும் நிறைந்திருக்கின்றதெனப் பௌதிக நூல்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை கற்பித்தன. கூத்தன் ஆடும் வெளி ஈதரே என்று அவர் எழுதியிருப்பாராயின், ஈதரோடு அவர் கட்டுரையும் என்றோ மறைந்திருக்கும். தோற்றங்கள் அனைத்துக்கும் பின்னே ஓர் ஆற்றல் உளது என்ற அளவில் அவர் நின்றார். அதனால் அக்கட்டுரை நூறாண்டு கடந்தும் படிக்கப்படுகின்றது.

நடராசர் கூத்தும் அணுத்துகளின் இயக்கமும் ஒன்றே என்று இன்று கூறுவோர் யுரேனினைற்றையும் தோரியனைற்றையும் ஒன்றெனக் கொள்வாரை ஒப்பர். இயக்கம், தோற்றம், ஒடுக்கம் என்னும் புறவடிவம் ஒத்திருக்கலாம். பகுத்து நோக்கின் பொருள் வேறு. தோரியத்தின் அணுக்களிற் பாதி சிதைவதற்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் செல்லும்; அச்சிதைவு ஈயத்தில் வந்து முடியும். வியக்கத்தக்க செய்திதான்; ஆயின் அச்சிதைவில் அருளல் என்னும் தொழில் இல்லை. தூக்கிய திருவடிக்குச் சமமான சமன்பாடு பௌதிகத்தில் இல்லை. அஃது இல்லாமை பௌதிகத்துக்குக் குறையுமன்று. அதனைத் தேடுதல் அதன் வேலையன்று. ஐந்தொழிலுள் ஐந்தாவதை விட்டு ஏனையவற்றை மாத்திரம் ஒப்பிட்டுப் பெருமைகொள்வோர், சைவத்தின் உயிரை விட்டு உடலைப் போற்றியவராவர். விஞ்ஞானம் ஒப்புக்கொண்டதனாலேதான் நடராசர் பெருமை பெற்றார் என்னும் எண்ணம், ஆராய்ந்து நோக்கின், தாழ்வுணர்ச்சியின் வேறொரு வடிவமே.

இத்துணைச் சிறப்புடைய அறிஞரைப் போற்றுங்கால் அவர்பாலுள்ள குறையையும் கூறுதல் திறனாய்வின் கடன். அவர் பழைய கைத்தொழிற் சமுதாயத்தை மிகவும் ஒளியுடையதாகக் கண்டார். தந்தை தொழிலை மைந்தன் ஏற்கும் முறையே கலையின் காவல் என்றார். பிற்காலத்தில், 1940களில், எழுத்தறிவை ஒரு பூச்சாண்டியென வருணிக்கும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி, எழுத்தறியாத மக்களும் உயர்ந்த பண்பாடு உடையராதல் கூடும் என்றும், எழுத்தறிவை மாத்திரம் புகுத்துதல் வாய்மொழிச் செல்வத்தை அழிக்கும் என்றும் வாதித்தார். அவ்வாதத்திற் பாதி உண்மை. ஏடறியாத முதியோர் இரவு முழுவதும் கதைப்பாடல் பாடக் கேட்டோர் அதனை மறுக்கார்.

மற்றைப் பாதியை இம்மாகாணத்துத் தோட்டப்புறத்திலே கற்பிக்கும் ஆசிரியன் எவனும் ஏற்றல் அரிது. குமாரசுவாமி கல் ஆராய்ந்து திரிந்த அதே ஆண்டுகளில், இரத்தினபுரி, கேகாலை மலைச்சாரல்களில் இறப்பர்ப் பயிர் பெருகத் தொடங்கியது; தேயிலையோ முன்னரே வேரூன்றியிருந்தது. தமிழகத்துக் கிராமங்களினின்று வந்தோர் அங்கே லயன்களில் வாழ்ந்தனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வோரின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் கடதாசி அவர்தம் வாழ்வைக் கட்டி வைத்திருந்தது. அத்துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. தம்மைப் பிணிக்கும் எழுத்தைத் தாமே வாசிக்க இயலாதார்க்கு எழுத்தறிவு பூச்சாண்டியன்று. விலங்கை அவிழ்க்கும் திறவுகோல். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பதைத் துரைமாரின் கடமையாக்கிய சட்டம் 1907இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலே. அத்துணைக் காலம் பிந்தியது கல்வி. கொழுந்து பறிப்பவள் மகள் கொழுந்தே பறித்தலும், வெட்டுக்காரன் மகன் இறப்பரே வெட்டலும் பரம்பரைத் தொழில் எனத் தோன்றலாம்; அஃது அவர் போற்றிய தொழிலறம் ஆகாது. புறவடிவு ஒத்திருப்பினும் பொருள் வேறென்னும் அவருடைய கனிப்பொருளியற் பாடத்தை ஈண்டு அவர்க்கே நாம் நினைவூட்டுதல் தகும்.

ஆயினும் அவர் தந்த அளவுகோலை எறிந்துவிட வேண்டியதில்லை. உழைப்பினின்று கலையையும் வழிபாட்டையும் பிரித்துவிட்டால் மனிதன் கருவியாகிவிடுவான் என்பது அவர் கூற்றின் சாரம். தோட்டத்து மக்கள் அதனை ஏட்டிற் படித்தறியாமலே வாழ்ந்து காட்டினர். தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் சில்லுகளைக் காக்கும் தெய்வமாக 'ரோதைமுனி'யை நிறுவினர். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமியை வணங்கினர். மாசி மாதத்திற் காமன் கூத்தாடினர். நீராவியாலும் பின்னர் மின்சாரத்தாலும் இயங்கிய இயந்திரத்துக்குத் தெய்வமும் பூசையும் கண்ட இச்செயலைக் காட்டிலும், விஞ்ஞானமும் வழிபாடும் ஒருங்கு சேர்ந்த காட்சி வேறு யாண்டுளது? துரைமார் அதனை மூடநம்பிக்கை என்றனர். கற்ற நம்மவரிற் சிலரும் அதனைக் கூற நாணுகின்றனர். குமாரசுவாமியின் கண்கொண்டு நோக்குவோர்க்கு, தம்முடையதல்லாத இயந்திரத்தைத் தம் உலகினுள் ஏற்றுக்கொண்ட கலைச்செயலாக அது தோன்றும்.

அவருடைய பெருநூல் சிங்களக் கைத்தொழிலைப் பற்றியது. தோட்டத்துக் கலை அதன் எல்லைக்கு உட்பட்டதன்று. அந்நூல் போன்றதொன்று தோட்டத்துக் கலைக்கும் வேண்டும். அதற்குரிய முறையை அவர் காட்டிச் சென்றுள்ளார்: முதலில் உள்ளதை உள்ளவாறு காணல், பொருளையும் கருவியையும் கைமுறையையும் குறித்தல், செய்வோரிடமே பொருள் வினவல், அதன் பின்னரே முடிபு கூறல். தப்பு கட்டுவோன் தோலை எவ்வாறு பதப்படுத்துகின்றான், காமன் கூத்தில் இரதி மதன் வேடத்துக்கு எவ்வண்ணம் எதனாற் செய்யப்படுகின்றது, ரோதைமுனிக்குப் படையல் யாது, அதனைப் படைப்பவர் யாவர் என்பன எல்லாம் இன்றும் கேட்டறியக்கூடியவை. கேட்டுச் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அலுத்நுவரை உருக்குலைக்கு ஒரு குமாரசுவாமி தக்க காலத்தில் வந்து சேர்ந்தார். இலண்டனில் பயின்று போந்த அறிஞர் ஒருவருக்காக நம் பிள்ளைகள் காத்திருக்க வேண்டுவதில்லை. எழுதக் கற்றுவிட்டனர்; ஒரு குறிப்புப் புத்தகமும், பாட்டன் பாட்டியர் முன் அமர்ந்து கேட்கும் பொறுமையும் போதும்.

1947 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவில் அவர் மறைந்தார். பொஸ்ரன் நகர் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவர் பணியாற்றிய முப்பது ஆண்டுகளே அவரை உலகறியச் செய்தன என்பர். அவ்வுலகப் புகழின் அடித்தளம் இங்கு மூன்றாண்டு கல் ஆராய்ந்த காலத்தில் இடப்பெற்றது என்பதை மறத்தலாகாது. நடராசர் திருமுன் நிற்கும்போது விஞ்ஞானம் நமக்குத் தரவேண்டியது ஒப்புமைச் சான்றிதழன்று. பொய்யில்லாது நோக்கும் பழக்கம். அப்பழக்கத்தோடு நோக்குவார்க்குத் தூக்கிய திருவடியின் பொருளை அவ்வுருவமே உணர்த்தும்.